சுண்ணாம்பு போய் சிமெண்ட் வந்த கதை - சுவர் ஏன் பொரிகிறது?

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் அடைமழை. மார்கழி பிறந்ததும் பள்ளிப்பட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல். கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம். போன பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. விரலால் தட்டினால் உள்ளேயிருந்து வெள்ளையாக மாவு மாதிரி கொட்டுகிறது. பீரோவை நகர்த்தினால் பின்னாடி கறுப்பாகப் பூஞ்சை, அதோடு ஒரு வாடை. உடனே பெயிண்டரைக் கூப்பிடு, சுரண்டு, பட்டி பார், பிரைமர் அடி, இரண்டு கோட்டிங் கொடு. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கொப்புளம், அதே இடத்தில்!

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் பள்ளிப்பட்டு. ஊருக்குள் தமிழும் தெலுங்கும் சரிசமமாகக் காதில் விழும். 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதில் இருந்த பகுதி இது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோடு மாறினாலும் ஆறு மாறவில்லை. கொசஸ்தலை ஆறு இந்தப் பக்கம்தான் ஓடுகிறது. சித்தூர் மாவட்டத்தில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால் இங்கே தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரில் அப்படித்தான் ஆனது. ஆக, நிலத்தடியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லாத காலம் வருஷத்தில் இரண்டு மூன்று மாதமாவது உண்டு.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு விசேஷம் நெசவு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று வரிசையாக நெசவாளர் ஊர்கள். இன்றைக்கு விசைத்தறி சத்தம்தான் அதிகம் என்றாலும் ஒரு காலத்தில் குழித்தறிதான் எல்லாம். தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். பருத்தி நூல் காய்ந்து போனால் அறுந்துவிடும், கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். மண்ணின் ஈரம் குழி வழியாக நூலுக்குப் போய்ச் சேரும். அதாவது இந்த ஊர் வீடுகளில் ஈரம் என்பது ஒரு காலத்தில் எதிரியே இல்லை, தொழிலுக்குத் துணை. ஈரமான தரையையும் மண்சாந்து வைத்துக் கட்டிய சுவரையும் வைத்துக்கொண்டு எப்படிக் குடியிருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: சுண்ணாம்பு.

பழைய வீட்டுச் சுவரில் ஓதமே ஏறவில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். செங்கல், மண், சுண்ணாம்புக் காரை எல்லாமே நுண்ணிய துளைகள் உள்ள பொருட்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அடிமண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கும். அப்போதும் இழுத்தது, இப்போதும் இழுக்கிறது. வித்தியாசம் அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்பதில் இருக்கிறது. காரை பூசி சுண்ணாம்பு அடித்த சுவரில் ஏறிய ஈரம், ஏறிய இடத்திலேயே காற்றில் ஆவியாகிப் போய்விடும். கூடவே வந்த உப்பு சுண்ணாம்பின் மேல் வெள்ளையாகப் பூக்கும். தென்னந்துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு, பொங்கலுக்கு மறுபடி வெள்ளையடித்தால் தீர்ந்தது. வருஷா வருஷம் வெள்ளையடிப்பதை வெறும் சடங்கு என்று நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் அது வருடாந்திரப் பராமரிப்புச் செலவு, அதுவும் மிகக் குறைந்த செலவு.

பூஞ்சைக்கும் இதே வைத்தியம்தான். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் அடித்த பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாகிவிடும். கல்லில் ஆரம்பித்து கல்லிலேயே முடிகிற சுற்று! புதிதாக அடித்த சுண்ணாம்புக்குக் காரத்தன்மை மிக அதிகம், பி.ஹெச். அளவில் 12-க்கும் மேல். அதில் பூஞ்சை பிழைக்காது. காரம் காலப்போக்கில் குறையும், அதனால்தான் வருஷம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது ஆங்கிலேய அரசு வீடு வீடாகப் புகுந்து சுண்ணாம்பு அடித்ததற்கும் காரணம் இந்தக் காரம்தான். (அடித்த விதம் ஜனங்களுக்குப் பிடிக்காமல் பெரிய ரகளையானது தனிக்கதை.)

சாதாரண வெள்ளையடிப்புக்கு நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்த்து, பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் போட்டால் போதும். தாழை விழுதையோ தென்னை மட்டையையோ நசுக்கினால் அதுவே பிரஷ். ஆனால் காரை பூசுவது சுலபமான வேலை இல்லை. அந்த வேலையில் மதராஸ் உலகப் புகழ் பெற்றிருந்தது என்பது இன்றைக்குப் பலருக்கும் தெரியாது.

ஐசக் பைக் என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமிருந்த செயின்ட் ஹெலினா தீவுக்கு கவர்னர். (பிற்காலத்தில் நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அதே தீவு.) மதராஸில் சுண்ணாம்புச் சாந்து எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை அவர் எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1732 வாக்கில் அது அச்சானது. நியூட்டன் கட்டுரைகள் வந்த அதே இதழில் நம் கொத்தனார்களின் கைப்பக்குவம்! அந்தச் செய்முறையைப் படித்தால் ஏதோ பலகாரம் செய்வது போலத்தான் இருக்கும். 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு கலந்து நனைத்து இரண்டு மூன்று நாள் போட்டுவைக்க வேண்டும். 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து அடிக்க வேண்டும். பிறகு பயறு வகை ஒன்றை வேகவைத்து அந்தக் கஞ்சித் தண்ணீர், கடுக்காயைக் கொதிக்க வைத்த தண்ணீர். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர். வெள்ளைக்காரர் அந்தப் பயறுக்குச் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது கொள்ளாக இருக்கலாம்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையும், சாந்து குறைந்த தண்ணீரிலேயே குழைவாக வரும். இன்றைக்குக் கான்கிரீட்டில் கலக்கிற ரசாயனங்களில் சிலவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பள்ளிப்பட்டுக்குப் பக்கத்து ஊர் என்று சொல்லக்கூடிய வேலூரில், வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெல்லம், கடுக்காய் போன்றவை சேர்த்த சுண்ணாம்புச் சாந்தைச் சோதனைக்கூடத்தில் பரிசோதித்துப் பல கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் உசத்தி. அதற்கான கிளிஞ்சல் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில், பழவேற்காடு ஏரியில் கிடைத்தது. கல் குழவியில் மை போல அரைத்து, மெல்லிசாகப் பூசி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் சலவைக்கல் மாதிரி முகம் தெரியும். கேப்டன் குக்கோடு பசிபிக் கடலெல்லாம் சுற்றிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780-ல் மதராஸில் வந்து இறங்கியபோது, கரையில் தெரிந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்து பழைய கிரேக்க நகரம் ஞாபகம் வந்ததாக எழுதினார். அவர் பார்த்தது சலவைக்கல் இல்லை, செங்கல்லுக்கு மேல் பூசிய சுண்ணாம்பு. 'மதராஸ் சுண்ணம்' என்று ஆங்கில அகராதிகளிலேயே 'சுண்ணாம்பு' ஏறிவிட்டது.

சுண்ணாம்பு பலமில்லாதது என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. முல்லைப் பெரியாறு அணையை பென்னி குயிக் 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்தார். அதன் உட்புறக் கலவை சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. அது சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயே இறுகும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சேர்த்துச் செய்ததும் இதே தந்திரம்தான்.

அப்புறம் எப்படித் தோற்றது? இங்கேதான் கதை வணிகவியல் பக்கம் திரும்புகிறது.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். இந்தியாவில் முதன்முதலாக அதைத் தயாரிக்க முயன்ற ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? மதராஸ்தான்! 1904-ல் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் கடல் கிளிஞ்சலை வைத்தே சிமெண்ட் செய்து பார்த்தது. வியாபாரம் எடுபடவில்லை. சுண்ணாம்பு கோலோச்சிய ஊரில் சிமெண்டின் முதல் ஆட்டம் அவுட். 1914-ல் போர்பந்தரில்தான் அது கால் ஊன்றியது. 1936-ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. ஆனது. தமிழ்நாட்டில் 1939-ல் டால்மியாபுரம். (1953-ல் கல்லக்குடி என்று பெயர் மாற்றக் கோரி தி.மு.க. தண்டவாளத்தில் படுத்த அதே ஊர்.) 1949-ல் திருநெல்வேலி பக்கம் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ், 60களின் தொடக்கத்தில் ராஜபாளையம் ராம்கோவின் ஆலை, பிறகு ஆலங்குளத்திலும் அரியலூரிலும் அரசாங்கத்தின் டான்செம்.

ஆலை வந்தும் சிமெண்ட் சாமானியன் வீட்டுக்கு உடனே வரவில்லை. விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. அணை, பாலம், ஆலை எல்லாம் போக மிச்சம்தான் வீட்டுக்கு. வீடு கட்டுகிறவர் பெர்மிட்டுக்கு அலைய வேண்டும், இல்லையென்றால் கள்ள மார்க்கெட். சிமெண்ட் ஒதுக்கீட்டையும் அறக்கட்டளை நன்கொடையையும் முடிச்சுப் போட்டு எழுந்த குற்றச்சாட்டில், பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே பதவி விலகினார். ஒரு மாநில முதல்வரின் நாற்காலியையே ஆட்டுகிற அளவுக்கு மூட்டைக்கு மவுசு! தட்டுப்பாடு இருந்த வரைக்கும் பள்ளிப்பட்டு மாதிரி சிற்றூர்களில் சுண்ணாம்புக் காளவாயும் பிழைத்தது. 1982 பிப்ரவரி கடைசியில் பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1989 மார்ச் 1 அன்று முழுவதும் நீங்கியது. அதன் பிறகு தெருமுனைக் கடையில் காசு கொடுத்தால் மூட்டை கைக்கு வந்தது. 2015-ல் அம்மா சிமெண்ட் திட்டத்தில் மூட்டை 190 ரூபாய்க்குக் கொடுத்தபோது, ஏழை வீட்டுக்கும் சிமெண்டுதான் என்பது சட்டமாகாத சட்டம் ஆகிவிட்டது.

விலை மட்டும் காரணமில்லை. பெரிய காரணம் நேரம். காரை பூச சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, அரைத்து, கோட்டிங் கோட்டிங்காகப் பூசி, ஒவ்வொன்றும் காயக் காத்திருக்க வேண்டும். சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும், மறுநாளே அடுத்த வேலை. வங்கிக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் வாடகையும் கொடுத்துக்கொண்டு வீடு கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் காசு. அடுத்தது நம்பிக்கை. சிமெண்ட் 50 கிலோ மூட்டையில் பெயரும் முத்திரையுமாக வரும். சுண்ணாம்பு காளவாய்க்குக் காளவாய் மாறும், கொத்தனாரின் நாக்கும் கையும்தான் தரச்சான்று. ஜி.எஸ்.டி. வந்த 2017-லிருந்து பல வருஷம் சிமெண்டுக்கு 28 சதவீத வரி, சுண்ணாம்புக்கு வெறும் 5 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் சிமெண்ட் 18-க்கு இறங்கியது. வரியில் இத்தனை சலுகை இருந்தும் சுண்ணாம்பால் எழுந்து நிற்க முடியவில்லை என்றால், தோல்விக்குக் காரணம் பொருளின் விலை இல்லை, கூலியும் காலமும்தான் என்பது தெளிவு.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. சுண்ணாம்பு வேலை ஒன்றும் சுகமான வேலை இல்லை. சூளைப் புகையில் நின்றவர்களும், நீற்றும்போது தெறித்து கண்ணையும் கையையும் சுட்டுக்கொண்டவர்களும் கூலி அதிகம் வாங்கியவர்கள் இல்லை. அவர்கள் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வராமல் போனதில் யாரும் குறை சொல்ல முடியாது. பழசெல்லாம் பொன் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சுவருக்கு வருவோம். சிமெண்ட் மலிவானதும் ஜனங்கள் புது வீடு மட்டும் கட்டவில்லை, பழைய வீட்டையும் 'ரிப்பேர்' செய்தார்கள். மண்சாந்து, காரைச் சுவரில் ஓதம் தெரிந்தால் கீழே நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு, அதற்குமேல் பெயிண்ட். அடிமண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் நிற்கவில்லை, அது வெளியேறும் கதவை மட்டும் சாத்திவிட்டார்கள். வெளியேற வழி கிடைக்கும் வரை தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நாலடிக்குச் சிமெண்ட் பூசினால் அஞ்சாவது அடியில் ஓதம் தெரியும், இல்லையென்றால் உள்பக்கச் சுவருக்குப் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, படிகம் பெருக்கும்போது பூச்சையே தள்ளிவிடும். கொப்புளத்தை உடைத்தால் கொட்டுகிற மாவு அதுதான்.

பெயிண்டின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1902-ல் கல்கத்தா பக்கம் ஷாலிமார், 1942-ல் பம்பாயில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஏஷியன் பெயிண்ட்ஸ் தொடங்கினார்கள். 1954-ல் ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த கட்டு பையன், கையில் பிரஷும் டப்பாவுமாக ஊர் ஊராகக் கடைப் பலகையில் ஏறினான். முதலில் டிஸ்டெம்பர். சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் அதில் சேர்த்த பசை ஈரம் பட்டால் பூஞ்சைக்கு நல்ல தீனி. வெளிச்சுவருக்கு ஸ்னோசெம் என்ற சிமெண்ட் பெயிண்ட், அடித்த பிறகு தண்ணீர் தெளித்து ஊறவைக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் மாதிரி படலமாக நிற்கும் எமல்ஷன். கழுவலாம், துடைக்கலாம், நிறம் ஆயிரம். உள்ளே ஈரமில்லாத சுவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஓதச் சுவருக்கு இது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வியர்ப்பது போலத்தான்.

இன்றைக்குக் கடையில் 'டாம்ப் புரூஃப்' என்று எழுதிய டப்பாக்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. மொட்டை மாடியிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் வரும் மழைத் தண்ணீரைத் தடுக்க அவை உதவும். அடியிலிருந்து ஏறும் ஓதத்துக்கு உள்பக்கம் அடித்தால் பலன் கொஞ்ச நாள்தான். புது வீடு என்றால் அஸ்திவாரத்துக்கு மேலே நீர் தடுக்கும் அடுக்கு ஒன்று போட்டுவிட்டுச் சுவர் எழுப்புவது ஒன்றே உருப்படியான தீர்வு. இஞ்சினியர் வரைபடத்தில் அது இருக்கும், செலவைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான். பழைய வீடு என்றால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குழாய்க் கசிவா, குளியலறையா, வெளியே சுவரை ஒட்டி மண் உயர்ந்து கிடக்கிறதா, தெருவுக்குச் சிமெண்ட் ரோடு மேல் ரோடாகப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டதா? (இந்தக் கடைசிக் காரணம் தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும்.) அதைச் சரிசெய்துவிட்டு, ஓதம் தெரியும் உயரத்துக்கும் ஒரு அடி மேலே வரை சிமெண்ட் பூச்சை உடைத்தெடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் காய்ந்த பிரஷால் தட்டியெடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசி சுண்ணாம்பே அடித்தால் சுவர் மறுபடி மூச்சு விடும். சுரண்டும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. பூஞ்சைத் தூசி ஒரு பக்கம், பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இன்னொரு பக்கம். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பூஞ்சையும் சின்ன விஷயமில்லை. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. குழந்தைக்குச் சளி விடவே இல்லை என்று டாக்டரிடம் ஓடுகிறவர்கள், பீரோவுக்குப் பின்னாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

சிமெண்டை நம்பிக் கெட்டது வீடுகள் மட்டுமில்லை. கோயில் திருப்பணிகளில் சிமெண்ட் பூசுவதும், மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்வதும் பெரிய சர்ச்சையாகி, யுனெஸ்கோ குழு 2017-ல் அறிக்கை கொடுத்து, கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் கோயில் பாதுகாப்புக்கென்று 75 உத்தரவுகள் பிறப்பித்தது. இதற்கு நேர் எதிரான உதாரணமும் சென்னையிலேயே உண்டு. சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள் என்று பலர் நினைத்தார்கள். பொதுப்பணித் துறையோ சுண்ணாம்பு அரைக்க ஆளைத் தேடிப் பிடித்து, வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்து, பழைய முறையிலேயே கட்டிடத்தை மீட்டது. பக்கத்திலிருந்த ஹுமாயூன் மகாலுக்கும் அதே வைத்தியம் நடந்தது.

பள்ளிப்பட்டு மாதிரி ஊரில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு அந்த மாதிரிக் கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி கட்டாது. ஆனால் மேலே அடிக்கிற சுண்ணாம்புக்கு எந்தக் கொத்தனாரும் தேவையில்லை. கடையில் சுண்ணாம்பு இப்போதும் கிடைக்கிறது. முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சுவரை லேசாக நனைத்துவிட்டு, தண்ணியாக மூன்று கோட்டிங் அடிக்க வேண்டும். அடிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நிபந்தனை: கீழே இருக்கும் எமல்ஷனை முழுக்கச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு ஒட்டாது.